எட்ஜ் பேண்டிங் மெஷினின் ட்ரிம்மிங் மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகையின் ஓரத்தில் பிவிசி, ஏபிஎஸ், அக்ரிலிக் பேண்டை ஒட்டிய பிறகு மேலும் கீழும் துருத்தி நிற்கும் மிச்சத்தைச் சீவி எடுப்பது ட்ரிம்மிங் மோட்டாரின் வேலை. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய இந்த மோட்டார் கெட்டுவிட்டால் மாடுலர் கிச்சன் பட்டறையில் மொத்த வேலையும் நின்றுவிடும். பட்டறை நடத்துபவர்களும் மெஷின் ஓட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சாதாரண மோட்டார் 2,900 சுற்று ஓடுகிறது. இது மட்டும் எப்படி 12,000 ஓடுகிறது?

மோட்டாரின் வேகம் கரண்டின் ஹெர்ட்ஸையும் மோட்டாருக்குள் இருக்கும் போல் (காந்த முனை) எண்ணிக்கையையும் பொறுத்தது. கணக்கு இதுதான்: 120-ஐ ஹெர்ட்ஸால் பெருக்கிப் போல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 3,000 சுற்று, 200 கொடுத்தால் 12,000, 300 கொடுத்தால் 18,000. லோடு ஏறும்போது இதில் சில நூறு சுற்று குறையும்.

மின்வாரியம் தருவது 50 ஹெர்ட்ஸ். அதை 200 ஆக்கித் தருவது பேனலுக்குள் இருக்கும் டிரைவ், அதாவது விஎஃப்டி. அதனால் இந்த மோட்டாரை ஒருபோதும் நேரடியாக மெயினில் கொடுக்கக் கூடாது. "ஓடுதா பார்ப்போம்" என்று 415 வோல்ட் லைனில் தொட்டுப் பார்த்து எரிந்த மோட்டார்கள் ஏராளம். ஏன் எரிகிறது என்பது கீழே டிரைவ் செட்டிங் பற்றிய பதிலில் இருக்கிறது.

கார்பென்டர் கையில் பிடிக்கும் ட்ரிம்மர் 30,000 சுற்று ஓடுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கை ட்ரிம்மரில் கார்பன் பிரஷ் உண்டு, வீட்டு பிளக்கிலேயே ஓடும், 6 மி.மீ. பிட் பிடிக்கும். பிரஷ் தேயும் என்பதால் நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்ட அது உண்டாக்கப்படவில்லை. ட்ரிம்மிங் மோட்டாரில் பிரஷ் கிடையாது, தேய்கிற பொருள் பேரிங் மட்டுமே. தினம் பத்துப் பதினைந்து பலகைக்கு மேல் போனால் கை ட்ரிம்மரை நம்ப வேண்டாம்.

மெஷினில் எத்தனை மோட்டார், எவ்வளவு பவர்?

மெஷினைப் பொறுத்து மாறும். பொதுவாக முன், பின் முனைகளை வெட்டும் எண்ட் கட்டிங் மோட்டார்கள் 0.37 அல்லது 0.55 கிலோவாட். மேல், கீழ் ட்ரிம்மிங் மோட்டார்கள் 0.55 முதல் 1.1 வரை. பேண்ட் ஒட்டுவதற்கு முன் பலகையின் ஓரத்தையே அரை, ஒரு மி.மீ. சீவும் பிரீ மில்லிங் இருந்தால் அதற்கு 1.5 கிலோவாட்டும் அதற்கு மேலும் வேண்டும். மூலை உருட்டும் மோட்டார் தனி.

வாங்கும்போது கிலோவாட்டை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பெயர்ப் பலகையில் இருக்கும் வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர், சுற்று நான்கும் வேண்டும். அத்தோடு ஷாஃப்ட் விட்டம், முனை மரை இடமரையா வலமரையா, பின்பக்கம் போல்ட்டா டவ்டெயிலா (புறா வால் வடிவக் காடி), ஓட்டைகளின் இடைவெளி என்ன என்பதையும் அளந்து அனுப்புங்கள். இத்தாலியின் டெக்னோமோட்டார், எல்ட்டே, ஜெர்மனியின் பெர்ஸ்கே மாதிரியான கம்பெனிகளின் மோட்டாராக இருந்தால் பெயர்ப் பலகையின் போட்டோ ஒன்றே பெரும்பாலும் போதும். பெயரில்லாத மோட்டாருக்கு அளவுதான் அடையாளம்.

ஓரத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது. மோட்டார் போய்விட்டதா?

அவசரப்பட்டு மோட்டாரைக் கழற்ற வேண்டாம். முதலில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அலைக்கும் அலைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எங்கே கோளாறு என்பதை அந்தத் தூரமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபீடு, அதாவது பலகை நகரும் வேகம், நிமிடத்துக்கு 12 மீட்டர், மோட்டார் 12,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் என்பது 12,000 மி.மீ. ஆகவே கட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பலகை சரியாக 1 மி.மீ. நகர்கிறது. கட்டரில் நான்கு பல் இருந்து நான்கும் சமமாக வெட்டினால் கால் மி.மீ.க்கு ஒரு தடம் விழும். அது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, பின்னால் வரும் ஸ்கிரேப்பர் அதை வழித்துவிடும். 1 மி.மீ.க்கு ஒரு தடம் விழுகிறது என்றால் நான்கில் ஒரு பல் மட்டும் வெளியே நிற்கிறது. கட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே தூசி மாட்டியிருக்கலாம், ஒரு பல் உடைந்திருக்கலாம், ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், பேரிங் ஆடலாம். ஃபீடு 18 மீட்டர் என்றால் இதே தடம் 1.5 மி.மீ.க்கு ஒன்றாக வரும்.

அலையின் தூரம் பத்து மி.மீ.க்கு மேல் என்றால் மோட்டாரை விட்டுவிடுங்கள். பலகையை நகர்த்தும் செயின், மேலே அழுத்தும் ரோலர், பலகையின் மேல் உருண்டு வெட்டின் ஆழத்தை முடிவு செய்யும் காப்பி வீல் இவற்றில் ஒன்றுதான் காரணம். 60 மி.மீ. விட்டமுள்ள காப்பி வீலின் சுற்றளவு சுமார் 188 மி.மீ. அந்தத் தூரத்துக்கு ஒருமுறை பள்ளம் வந்தால் வீலின் ஓரிடத்தில் கோந்து ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பல் வெளியே நிற்கிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுங்கள். டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கரண்டை இழக்கச் சில நிமிடம் ஆகும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை, இல்லாவிட்டால் பத்து நிமிடம், பொறுங்கள். கட்டரைக் கழற்றி, ஷாஃப்ட்டின் மேல் டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுற்றுங்கள். முள் 0.01 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.02-ஐத் தாண்டினால் ஷாஃப்ட்டையோ பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும்.

ஷாஃப்ட் சரியாக இருந்தால் கட்டரின் உள் ஓட்டையையும் அமரும் முகத்தையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து மறுபடி மாட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். கட்டர் அமரும் இடத்தில் பிவிசி நாரும் கோந்தும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும்.

சின்னத் தூசிதானே, அதற்கா இவ்வளவு?

12,000 சுற்றில் எதுவும் சின்னதில்லை. 70 மி.மீ. கட்டரின் விளிம்பில் ஒரே ஒரு கிராம் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். 3,000 சுற்றில் அந்த ஒரு கிராம் சுமார் 350 கிராம் எடையின் விசையோடு வெளியே இழுக்கும். 12,000 சுற்றில் வேகம் நாலு மடங்கு, விசை பதினாறு மடங்கு, அதாவது ஐந்தரைக் கிலோ. 18,000 சுற்றில் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். 12,000 சுற்றில் நொடிக்கு 200 தடவை பேரிங்கை அந்த விசை சுற்றிச் சுற்றி அடிக்கிறது.

உடைந்த பல்லோடு "இன்னிக்கு ஒருநாள் ஓட்டிக்கிறேன்" என்று ஓட்டினால் பேரிங்கின் ஆயுளை அந்த ஒருநாளே தின்றுவிடும். சாணை பிடிக்கக் கொடுக்கும்போது எல்லாப் பல்லையும் சமமாகப் பிடிக்கச் சொல்லுங்கள், திரும்பி வந்ததும் எடைச் சமநிலை பார்த்தார்களா என்று கேளுங்கள். கட்டரின் மேல் அச்சடித்திருக்கும் அதிகபட்சச் சுற்று மோட்டாரின் சுற்றை விடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே கூடாது. அந்த வேகத்தில் பல் தெறித்தால் கவர் கூடத் தாங்காமல் போகலாம்.

டிரைவில் என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

மோட்டார் எரிவதற்கு நாம் காணும் முதல் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பெயர்ப் பலகையில் 380 வோல்ட், 200 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 1.9 வோல்ட் என்பது அந்த மோட்டாரின் உணவு. அளவு மாறக் கூடாது. 100 ஹெர்ட்ஸில் 190 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 95 வோல்ட்தான் போக வேண்டும். புது டிரைவ் ஃபேக்டரியிலிருந்து வரும்போது பேஸ் ஃப்ரீக்வன்ஸி, அதாவது முழு வோல்ட் கிடைக்கும் ஹெர்ட்ஸ், 50 என்று இருக்கும். அதை மாற்றாமல், மேக்சிமம் ஃப்ரீக்வன்ஸியை மட்டும் 200 ஆக்கி ஓட்டுவார்கள். அப்போது மோட்டார் கிளம்பி 50 ஹெர்ட்ஸை எட்டும்போதே முழு 380 வோல்ட் போய்விடுகிறது, தாங்கக்கூடியதைப் போல நாலு மடங்கு. இரும்பு திணறி, ஆம்பியர் தாறுமாறாக ஏறும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 200 ஹெர்ட்ஸை எட்டியதும் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் சரியான அளவுக்கு வந்துவிடும். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஆம்பியர் ஒழுங்காக இருக்கும், "செட்டிங் சரிதான்" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் காயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டிருக்கும். மெயினில் நேரடியாகக் கொடுத்தால் எரிவதும் இதே காரணத்தால்தான்.

எதிர்த் தவறும் நடக்கிறது. 400 ஹெர்ட்ஸ் ரூட்டர் ஸ்பிண்டிலுக்குச் செட் பண்ணிய டிரைவை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் பேஸ் 400 என்று இருக்கும். 200 ஹெர்ட்ஸில் 190 வோல்ட்தான் கிடைக்கும். சும்மா ஓடும்போது தெரியாது. 2 மி.மீ. பேண்ட் வந்ததும் மூச்சு வாங்கும், சுற்று விழும், சூடேறும்.

380 வோல்ட், 200 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு நாங்கள் வைக்கச் சொல்வது இது: பேஸ் ஃப்ரீக்வன்ஸி 200, மேக்சிமம் 200, ரேட்டட் வோல்ட்டேஜ் 380, கரண்ட் பெயர்ப் பலகையில் உள்ளபடி. கன்ட்ரோல் வி பை எஃப் முறை, அதாவது வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில் ஏறுவது. டார்க் பூஸ்ட் (கிளம்பும்போது கூடுதலாகக் கொடுக்கும் வோல்ட்) 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், காற்றில் சுற்றிக் கிளம்பும் கட்டருக்கு அது தேவையில்லை. ஏறும் நேரம் 8 முதல் 10 விநாடி, இறங்கும் நேரம் 12 முதல் 15 விநாடி. கேரியர் ஃப்ரீக்வன்ஸி (டிரைவ் உள்ளே ஸ்விட்ச் ஆகும் வேகம்) 8 கிலோஹெர்ட்ஸ் அளவில். 220 வோல்ட் மோட்டார் என்றால் ரேட்டட் வோல்ட்டேஜில் 220 போட மறக்காதீர்கள். 415 வோல்ட் உள்ளே வாங்கும் டிரைவாக இருந்தால் இதில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

ஸ்டாப் போட்டதும் டிரைவ் "ஓவர் வோல்ட்டேஜ்" என்று ட்ரிப் ஆகிறது. ஏன்?

இறங்கும் நேரம் குறைவாக இருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் கட்டரை இழுத்துப் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. நேரத்தைக் கூட்டுங்கள். அவசரமாக நிறுத்தியே தீர வேண்டும் என்றால் பிரேக்கிங் ரெசிஸ்டர் போட வேண்டும்.

ஒரே டிரைவில் நாலு மோட்டாரை ஓட்டலாமா?

ஓட்டலாம், பல மெஷின்களில் அப்படித்தான் வருகிறது. ஆனால் நான்கின் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லா ஆம்பியரையும் கூட்டி அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து டிரைவின் ஆம்பியரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மோட்டாரை மட்டும் கணித்து ஓட்டும் வெக்டர் மோடு வேலை செய்யாது, வி பை எஃப் மட்டுமே.

முக்கியமானது: ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஓவர்லோடு ரிலே வேண்டும். டிரைவுக்குத் தெரிவது மொத்த ஆம்பியர்தான், ஒரு மோட்டார் மட்டும் மாட்டிக்கொண்டு புகைந்தால் அதற்குத் தெரியாது. டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மோட்டாரை மட்டும் கான்டாக்டரால் துண்டித்துச் சேர்ப்பதும் கூடாது. டிரைவ் 200 ஹெர்ட்ஸில் இருக்கும்போது, சுற்றாமல் நிற்கும் மோட்டாரைத் திடீரென்று சேர்த்தால் டிரைவுக்குள் கரண்டை ஸ்விட்ச் செய்யும் ஐஜிபிடி போய்விடலாம்.

கரண்ட் கட்டாகி ஜெனரேட்டருக்கு மாறும்போது மெஷினை அப்படியே விட்டுவைக்கலாமா?

வேண்டாம். டிரைவில் ஆட்டோ ரீஸ்டார்ட் ஆஃப் ஆக இருக்கட்டும். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் கட்டரின் மேல் டிரைவ் பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் ஓவர் கரண்ட் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, கரண்ட் போய்விட்டது என்று ஒருவர் கவரைத் திறந்து கையை வைத்திருக்கலாம்.

பேரிங் போய்விட்டது என்பதற்கு என்ன அறிகுறி?

சத்தம் வந்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை, அதற்கு முன்பே பிடிக்கலாம். மோட்டார் புதிதாக இருக்கும்போதே கட்டரைக் கழற்றிவிட்டு முழு வேகத்தில் ஓட்டி, டிரைவை ஃப்ரீ ரன் ஸ்டாப்பில் வைத்து நிறுத்துங்கள். தானாகச் சுற்றி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து மோட்டார் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்து பாருங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் பேரிங் இறுகுகிறது, கிரீஸ் காய்கிறது.

சூட்டையும் பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு உடம்பு 60, 70 டிகிரி இருப்பது பல மோட்டார்களில் இயல்பு. ஷாஃப்ட் பக்க மூடி மட்டும் உடம்பை விடத் தனியாகக் கொதித்தால் அந்தப் பக்க பேரிங்தான். உடம்பு முழுக்கக் கொதித்தால் டிரைவ் செட்டிங்கையும் பின்பக்க விசிறி ஜாலியையும் பாருங்கள். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூசி ஈரத்தில் களிமண் மாதிரி ஜாலியை அடைத்திருக்கும்.

எந்த பேரிங் போடுவது? கடையில் 6203 கேட்டால் தருகிறார்களே.

எண் மட்டும் போதாது. பழைய பேரிங்கின் மேல் எழுதியிருக்கும் முழு வரியையும் படியுங்கள். பல நடுத்தர மோட்டார்களில் டீப் குரூவ் பேரிங் இருக்கும், பெரியவற்றில் பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கும் ஆங்குலர் கான்டாக்ட் ஜோடி இருக்கும்.

கடைக்காரர் கொடுக்கும் டூ ஆர்எஸ் என்ற ரப்பர் சீல் பேரிங்தான் பொதுவான பொறி. ரப்பர் உதடு உள் வளையத்தை உரசுவதால் அதற்கு வேகம் ஏறாது. 6203 டூ ஆர்எஸ்ஸின் வேக எல்லையே 12,000 சுற்றை ஒட்டித்தான் நிற்கிறது. அதே 6203 உரசாத தகர மூடியோடு, டூ இஸட் அல்லது இஸட் இஸட் என்று வரும்போது எல்லை 19,000 வரை போகும். "ரப்பர் சீல்னா தூசி போகாது" என்று நினைத்து ரப்பரைப் போட்டால் உரசும் சூட்டிலேயே கிரீஸ் உருகி வெளியேறும். துல்லிய வகுப்பு பி5 கிடைத்தால் அதையே வாங்குங்கள். உள் இடைவெளி சி3 என்று பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

பேரிங்கை நாங்களே மாற்றலாமா?

புல்லரும் பொறுமையும் இருந்தால் மாற்றலாம். சுத்தியல் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேண்டாம்.

கழற்றும் முன் இரண்டு மூடியிலும் உடம்பிலும் சென்டர் பஞ்ச் கொண்டு குறி வையுங்கள், பழைய கோணத்திலேயே திரும்ப அமர வேண்டும். மூடியைத் திறந்ததும் அலை வடிவத்தில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வாஷர் விழும். அதைக் குப்பையென்று தள்ளிவிடாதீர்கள். பேரிங்கின் மேல் ஓயாத அழுத்தம் வைத்திருப்பது அதுதான், அது இல்லாவிட்டால் குண்டுகள் உருளாமல் வழுக்கித் தேயும். எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்குலர் கான்டாக்ட் ஜோடி என்றால் எந்த முகம் எதைப் பார்த்தது என்பதையும்.

புது பேரிங்கை மாட்டும் நிமிடம் வரை உறையிலிருந்து எடுக்க வேண்டாம். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் படும்படி சரியான விட்டமுள்ள குழாயை வைத்து பிரஸ்ஸில் இறக்குங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டு வழியாகப் போய்த் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். முதல்நாளே விசில் சத்தம் கேட்பது அதனால்தான். சூடாக்கி ஏற்றுவதாக இருந்தால் கிரீஸ் அடைத்த மூடிய பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள். தீயில் காட்டுவது கூடவே கூடாது.

மாட்டிய கையோடு முழு வேகம் வேண்டாம். கட்டர் இல்லாமல் 50 ஹெர்ட்ஸில் பதினைந்து நிமிடம், 100-ல் பதினைந்து, 150-ல் பதினைந்து, கடைசியில் 200-ல் அரை மணி. நடுவில் மூடி கொதித்தால் நிறுத்தி ஆறவிட்டு அந்த வேகத்திலேயே மறுபடி ஓட்டுங்கள். கிரீஸ் தடத்தை விட்டு ஒதுங்கித் தன் இடத்தைப் பிடிக்க இந்த நேரம் வேண்டும்.

எரிந்த மோட்டாருக்கு உள்ளூரில் காயில் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் பம்பு மோட்டார் கட்டுவது போலக் கட்டக் கூடாது. கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் கைதேர்ந்த ரீவைண்டிங்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மோட்டார் 200 ஹெர்ட்ஸ் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை (காயில் உட்காரும் அசையாத இரும்பு) கேஸ் டார்ச்சால் சுடுவது வழக்கம். இங்கே அதுதான் கொலை. ஸ்டேட்டர் மெல்லிய தகடுகளின் அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இன்சுலேஷன் படலம் உண்டு. அது எரிந்தால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு இரும்புக்குள்ளேயே சுழல் கரண்ட் ஓடும். அதே காந்த அளவில், 50 ஹெர்ட்ஸை விட 200 ஹெர்ட்ஸில் இந்தச் சுழல் நஷ்டம் பதினாறு மடங்கு. கட்டி முடித்ததும் மோட்டார் ஓடும், லோடு இல்லாமலே சுடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. கம்பி கேஜ், சுற்று எண்ணிக்கை, இணைப்பு மூன்றும் மாறாமல், டிரைவுக்கேற்ற இனாமல் கம்பியில், ஃபேஸுக்கு நடுவே பேப்பர் வைத்து, வார்னிஷ் முழுதாக ஊறும்படி கட்டச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் கட்டர் இல்லாமல் ஒரு தட்டு ஓட்டிச் சுற்றும் திசையைப் பாருங்கள். உடம்பில் இருக்கும் அம்புக்குறிக்கு மாறாக ஓடினால் டிரைவிலிருந்து மோட்டாருக்கு வரும் மூன்று ஒயரில் இரண்டை மாற்றுங்கள். கட்டரோடு தலைகீழாக ஓட்டினால் நட் தானாகக் கழன்றுவிடும்.

மழைக்காலத்தில் பத்து நாள் மூடிக் கிடந்த பட்டறையைத் திறந்ததும் என்ன பார்ப்பது?

மோட்டார் ஒயரை டிரைவிலிருந்து கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே அளவு பாருங்கள். ஒயரைக் கழற்றாமல் மெக்கர் வைத்தால் டிரைவ் போய்விடும். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்ட வேண்டாம், ரோட்டரை எடுத்துவிட்டு ஸ்டேட்டருக்குள் குண்டு பல்பை எரியவிட்டு ஒரு நாள் உலர்த்தி மறுபடி பாருங்கள்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது, கட்டரும் புதிது. ஆனாலும் பேண்ட் முழுதாக வெட்டுப்படாமல் விளிம்பு நகத்தில் தட்டுகிறது.

காப்பி வீலைத் துடையுங்கள். மோட்டார் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது பலகையின் மேல் உருளும் அந்த வீல். அதன் மேல் 0.2 மி.மீ. கோந்து படிந்தால் கட்டர் 0.2 மி.மீ. எழும்பி நிற்கும், அத்தனை பேண்ட் மிச்சமாகும். செட்டிங்கைத் திருகிச் சரிசெய்தால், கோந்து உதிர்ந்த அடுத்த நிமிடம் கட்டர் லேமினேட்டிலேயே இறங்கிவிடும். துடைத்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் திருகைத் தொடுங்கள்.

2 மி.மீ. பிவிசி வெட்டும் நாளில் இன்னொன்றையும் பாருங்கள். சீவல் நூலாக நீண்டு கட்டருக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும், சுற்றச் சுற்ற இறுகிப் பேரிங் மூடியை உரசும். தூசி உறிஞ்சும் குழாயில் இழுப்பு குறைந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. பையை உதறுங்கள், ஓட்டை விழுந்த ஹோசை மாற்றுங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஷாஃப்ட் இடுக்கில் ஊதுவது மட்டும் வேண்டாம், வெளியே இருக்கும் எம்டிஎஃப் மாவை நாமே பேரிங்குக்குள் ஏற்றுகிறோம். மெஷினை நிறுத்திப் பூட்டிவிட்டு, கத்தி நுனியால் நூலை அறுத்து, பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும்.